ஐம்பதில் அமுங்கிய பின்

என் மெஷினைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. என்னைச் சொல்லட்டும். சமைக்கத் தெரியாதவள், வாய் நீளமானவள், கடைக்குப் பிந்தி வருகிறவள், எல்லாம் உண்மைதான். ஆனால் மெஷின் விஷயத்தில் ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது.

பதுளை பஜாரில் ஜுனைதீன் முதலாளியின் செட்டிக் கடையில், அதாவது சோபா செய்கிற கடையில், ஒன்பது வருடமாக மெத்தை அடிக்கிறேன். துணியை மரத்தோடு சேர்த்துப் பின் அடிக்க, காற்றில் ஓடுகிற பின் கன் ஒன்றும், அதற்குக் காற்று கொடுக்கிற கம்பிரசர் ஒன்றும் என் பொறுப்பு. கம்பிரசர் காற்றை இழுக்கும்போது எங்கள் ஊர்ப் பனியையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். தொட்டிக்குள் தண்ணீர் தேங்கிவிடும். சாயந்தரம் கடை மூடுவதற்கு முன் அடித் திருகைத் திறந்துவிட்டால் தேத்தண்ணீர் நிறத்தில் கக்கும். காலையில் கன்னின் காற்று வாய்க்குள் இரண்டு சொட்டு எண்ணெய். மூன்று சொட்டு விட்டால் வெள்ளைத் துணியில் பொட்டு விழும். விடாமலே இருந்தால் உள்ளே ரப்பர் வளையம் காய்ந்து காற்று சீறும். முதலாளியின் மருமகன் ஸப்ரான் ஒரு தடவை தேங்காய் எண்ணெயை விட்டுவைத்தான். காலைக் குளிரில் அது உள்ளேயே உறைந்துபோனது. அந்த வாரம் முழுக்க நான் அவனோடு பேசவில்லை.

இப்படிப் பார்த்துக்கொள்கிற மெஷினைத்தான் ஒரு தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் ஓட்டை மெஷின் என்று சொன்னார்.

தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே பிள்ளைக்காம்பராவுக்கு உட்கூரைத் துணி அடிக்க வேண்டும் என்று கடைக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. இப்போது வாசலில் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று மூன்று மொழியில் பலகை தொங்குகிறது. முன்னால் புது வராந்தா கட்டியிருக்கிறார்கள். கொங்கிரீட் தூண், கொங்கிரீட் தட்டு, தரையில் மாபிள், சுவரில் முயலும் யானையும். வாசற்படியைத் தாண்டி உள்ளே போனால் அதே பழைய தகரக் கூரை. வருகிறவர்கள் வராந்தாவில் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டுக் கட்டிய கட்டடம்.

உள்ளே ஏழு தொட்டில்கள். பழைய சேலைகளைக் கூரையின் குறுக்கு மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மதியம் சோறு தின்றுவிட்டு ஏழு பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்தன. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இராக்கம்மா அக்கா என்னை மெதுவாகக் கூப்பிட்டு, மூலையில் சாத்திவைத்திருந்த ஒரு பலகைத் துண்டைக் காட்டினாள். என் கை நீளம் இருந்தது.

"போன மாசம் மேலேருந்து விழுந்துச்சு தங்கச்சி. அந்தா அந்த மூணாவது தொட்டிக்குப் பக்கத்துல. ஒரு சாண் தள்ளி விழுந்ததால புள்ள தப்பிச்சுச்சு."

"ஆபீஸ்ல சொல்லலையாக்கா?"

"மூணு தரம் சொன்னேன். சரி செய்யிறோம்னாங்க. இப்பத்தான் நீ வந்திருக்க."

மூன்று முறை முறையிட்டதற்குத் தோட்டம் அனுப்பிய பதில் நான். முப்பத்தைந்து யார் நீள வெள்ளைத் துணியும் ஒரு பின் கன்னும். விழுகிற பலகையைத் துணி தாங்காது என்று அப்போதே எனக்குத் தெரியும். இருந்தாலும் வேலைக்கு வந்த இடத்தில் நமக்கென்ன என்று ஏணியைச் சாத்தினேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

கம்பிரசரை வெளியே வைத்தேன். அந்த இரைச்சலில் பிள்ளைகள் எழும்பிவிடும். தோட்டத்துக் கரண்ட் பலமில்லாமல் வந்ததால், கம்பிரசர் தொட்டியில் காற்று நிரம்பச் சுணங்கியது. காற்றழுத்த மீட்டரில் எழுபது வைத்தேன். நல்ல மரத்துக்கு அதுதான் அளவு. பின்னின் முதுகு துணியோடு ஒட்டி நிற்கும், விரலால் தடவினால் தட்டுப்படாது. தொட்டில் இல்லாத பக்கமாக ஏறி முதல் பின்னை அடித்தேன். பின் துணியையும் வெட்டிக்கொண்டு மரத்துக்குள் போய்விட்டது. காற்று கூடிவிட்டது என்று அறுபதுக்கு இறக்கினேன். அதுவும் உள்ளே போனது. ஐம்பது. ஐம்பதில் எங்கள் கடைப் பலா மரத்தில் பாதிப் பின்கூட இறங்காது. இங்கே அப்படியே அமுங்கியது. இழுத்துக் கட்டியிருந்த துணி, நான் அடித்த பதினாறு பின்னையும் பிடுங்கிக்கொண்டு என் தலையில் வந்து விழுந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரிய கிளாக்கர் நிமலன் ஐயா உள்ளே வந்தார். தோட்டத்து ஆபீஸ் முழுக்க அவர் கையில் இருக்கிறது. சப்பாத்து பளபளவென்று இருந்தது.

"என்னம்மா இது? வெள்ளிக்கிழமை தேயில வாங்குற கம்பனிக்காரங்க வெளிநாட்டுலருந்து வர்றாங்க. நீ துணியப் போத்திக்கிட்டு நிக்கிற!"

"பின் நிக்க மாட்டேங்குதுங்க ஐயா. பாத்துக்கிட்டிருக்கேன்."

"கடையில ஆம்பள யாரும் இல்லையா? ஓட்ட மெஷினக் குடுத்து ஒரு பொம்பளய அனுப்பியிருக்கான்."

எனக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. ஏணியை விட்டு இறங்கினேன். காற்றுக் குழாயைக் கழற்றினேன். குழாய் மாட்டியிருக்கும்போது கன்னைத் திறந்தால் விரல் போய்விடும். அவர் கண் முன்னாலேயே பின் பெட்டியை இழுத்துக் காட்டினேன், ஒரு பின்கூடக் கோணலில்லை. கன்னின் மூக்கைத் துணியால் துடைத்தேன். வெளியே போய்க் கம்பிரசர் தொட்டியின் அடித் திருகைத் திறந்தேன். சொட்டுத் தண்ணீர் வரவில்லை, நேற்றுச் சாயந்தரம்தானே வடித்தேன். காலையில் இரண்டு சொட்டு விட்ட எண்ணெய்ப் போத்தலையும் எடுத்துக் காட்டினேன். கிளாக்கர் மணிக்கூட்டைப் பார்த்தார். பார்க்கட்டும்.

"இந்தா பாருங்க ஐயா, மீட்டரு ஐம்பது" என்று சொல்லிவிட்டு, குழாயை மறுபடி மாட்டி வாசல் நிலையில் ஒரு பின் அடித்தேன். நல்ல பலா மரத்து நிலை அது. பின் பாதியில் நின்றது. "புடுங்குங்க பாப்பம்."

நகத்தைக் கொடுத்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. நகம்தான் மடங்கியது.

"இப்ப மேல பாருங்க." ஏறினேன். அதே ஐம்பதில் குறுக்கு மரத்தில் அடித்தேன். பின் முழுசாக உள்ளே போனது. சுட்டு விரலை விட்டு நோண்டினேன். இரும்புப் பின் என் விரலோடு வெளியே வந்தது. கூடவே பழுப்பு நிறத்தில் தூள் கொட்டியது.

"பாத்தீங்களா? மெஷின் சுத்தம். மரந்தான் ஊத்த!" என்று மேலிருந்து கத்தினேன். ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

கீழே இராக்கம்மா அக்கா நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். கொட்டிய தூள் மூன்றாவது தொட்டிலின் சேலையில் விழுந்திருந்தது. அதைக் கையால் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"அப்ப தங்கச்சி, இந்த மரத்துலதான் ஏழு தொட்டியும் தொங்குது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அரை மணி நேரமாக நான் மெஷினின் மானத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் தொட்டில் தொங்குகிற மரத்துக்குள் என் விரல் போய்வந்திருக்கிறது. பேனாக் கத்தியை எடுத்து அந்த மரம் நெடுகக் குத்திப் பார்த்தேன். தொட்டில் கட்டிய ஒவ்வொரு இடத்திலும் கத்தி பிடி வரைக்கும் இறங்கியது. பார்வையாளர் வரும்போதெல்லாம் பச்சைப் பெயிண்டை ஒரு பூச்சுப் பூசி வைத்திருக்கிறார்கள். உள்ளே மரம் இல்லை. பெயிண்ட்தான் இருக்கிறது.

"ஐயா, தொட்டிய எல்லாம் இப்பவே எறக்கணும். இது எப்ப வேணும்னாலும் விட்டுரும்."

"தொட்டிய எறக்கவா?" அவருக்கு முகம் மாறிவிட்டது. "தொட்டி இருந்தாத்தாம்மா அழகு. போன தரம் வந்த வெள்ளைக்காரம்மா தொட்டியத்தான் படம் எடுத்தாங்க. தொட்டிச் சேல கட்டுன எடத்துல மட்டும் துணிய வெட்டி விட்டுட்டு, சுத்தி அடி. கிட்டக் கிட்ட அடிச்சா நிக்கும். அம்பது வருசம் நின்ன மரம், வெள்ளிக்கிழமை வரைக்கும் நிக்காதா?"

வெள்ளிக்கிழமை வரைக்கும்! அப்புறம் விழலாம் போலிருக்கிறது. நான் முடியாது என்றேன். உடனே அவர் போனை எடுத்து ஜுனைதீன் முதலாளியிடம் ஏதேதோ சொல்லி, போனை என்னிடம் நீட்டினார்.

"என்ன மகள், மெஷின் கொழப்பமா?" என்றார் முதலாளி.

"மெஷின் நல்லா இருக்கு முதலாளி. மரம் உக்கிப் போச்சு. புள்ளைங்க மேல விழுந்துரும்."

 முதலாளி குரலை இறக்கிச் சொன்னார். "மரம் பாக்கிறது நம்மட வேல இல்லயே மகள். துணிய அடிச்சிட்டு வாங்க. பங்களா செட்டி ஓடரும் அவரிட கையிலதான் ஈக்கி."

நல்ல மனிதர்தான். நோன்புக் காலத்தில் கஞ்சி கொடுக்காமல் என்னை வீட்டுக்கு அனுப்பமாட்டார். அந்த நல்ல மனிதரும் இப்படிச் சொல்லிவிட்டார். போனைக் கிளாக்கரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"முதலாளியே சொல்லிட்டாருல்ல? ஏறு" என்றார்.

"ஏறுறேங்க. அதுக்கு முந்தி ஒரு சின்ன வேல." மூலைத் தொட்டிலில் கிடந்த பிள்ளையைத் தூக்கி இராக்கம்மா அக்காவின் தோளில் போட்டேன். வெறும் தொட்டிலை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். "நல்ல மரம்னு சொல்றீங்கல்ல. ஒரே ஒரு நிமிசம் இதுல ஒக்காந்து எந்திரிச்சிருங்க ஐயா. நான் ராத்திரியானாலும் அடிச்சு முடிச்சிட்டுப் போறேன்."

"ஏய், யாருகிட்ட என்ன பேசுற?"

"ஒக்கார வேணாம். கையால ஒரு இழுப்பு இழுங்க. அடியில நின்னுக்கிட்டு இழுங்க."

இழுப்பார் என்றுதான் நினைத்தேன். ஆத்திரத்தில் இழுத்துவிட்டால் என்ன ஆகுமோ என்று பயமாகக்கூட இருந்தது. அவர் மேலே பார்த்தார். மரத்தில் என் கத்தி போட்ட ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. அந்த நேரம் தகரத்துக்கு மேலே சவுக்குக் கிளை ஏதோ விழுந்து, டொம் என்று ஒரு சத்தம். கிளாக்கர் ஐயா ஒரே எட்டில் வாசற்படியைத் தாண்டி வராந்தாவுக்குப் போய்விட்டார். கொங்கிரீட் தட்டுக்கு அடியில் நின்றுகொண்டு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நேரம் போகுது. வேலயப் பாருங்க" என்று அங்கிருந்தே சொன்னார்.

நான் இராக்கம்மா அக்காவைப் பார்த்தேன். இருபது வருடமாக அந்த மனிதர் என்ன சொன்னாலும் "சரிங்க ஐயா" என்று திரும்பிவிடுவாளாம், பிறகு என்னிடம் சொன்னாள். அவரை நேராக ஒரு பார்வை பார்த்தாள். தோளில் கிடந்த பிள்ளையை இறக்காமலே ஒரு பாயைக் காலால் தள்ளி உருட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"இராக்கம்மா! யாரு ஒன்னய வெளிய வரச் சொன்னது?"

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். குரலை உயர்த்தவேயில்லை. "நீங்க நிக்கிற எடத்துல புள்ளையப் படுக்கப் போடணும்."

அவர் தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். மேலே கொங்கிரீட்டைப் பார்த்தார்.  நகர்ந்தார்.

அவள் பாயை விரித்தாள். நான் உள்ளே போய் மூன்றாவது தொட்டிலில் இருந்த பிள்ளையைத் தூக்கினேன்.