பாக்கியம் குளிக்கும் நேரம்

மேற்கே மலைக்கு அப்பால் கேரளத்தில் மழை பிடித்துவிட்டால், இந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்குக்குக் கிடைப்பது பெரும்பாலும் காற்றுதான். ஆனியில் கிளம்பும், ஆவணி வரை ஓயாது. தென்னை மட்டையை உருவிப் போடும், திராட்சைப் பந்தலைச் சாய்க்கும், கொடியில் காயும் வேட்டியை நாலு தோட்டம் தள்ளிக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இந்தக் காற்றை நம்பி வெளியூர்க்காரர்கள் வந்து காற்றாலை நட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில், தன் மனைவி காற்று இல்லாமல் செத்துப்போவாள் என்று ஒரு மனிதனுக்குப் பயம் வந்தது.

ராயப்பன்பட்டி இஞ்ஞாசிமுத்துதான் அந்த மனிதர். இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை, ஒரு மனைவி, பெங்களூரில் நர்ஸாக இருக்கும் ஒரு மகள். அந்த மகள் ஜெசிந்தாதான், அம்மாவின் மூட்டுவலிக்கு வெந்நீர் ஊற்றிக் குளிக்கட்டும் என்று கேஸ் ஹீட்டர் வாங்கி அனுப்பியவள். கரண்ட் ஹீட்டரில் ஒருமுறை ஷாக் அடித்ததிலிருந்து பாக்கியம் அதன் பக்கமே போவதில்லை. காற்றுக் காலத்தில் கரண்ட் நிலையாக இருப்பதும் இல்லை.

ஹீட்டரை மாட்ட உத்தமபாளையத்திலிருந்து வந்த பாண்டீஸ்வரன், அதை வெளிச்சுவரில் மாட்டிக் குழாயை மட்டும் உள்ளே விடலாம் என்றான். வெளியே மாட்டினால் விடிந்ததும் ஆணி மட்டும்தான் இருக்கும் என்று பாக்கியம் சொல்லிவிட்டாள். சரி, உள்ளேயே மாட்டுவதென்றால் சுவரில் இரண்டு ஓட்டை வேண்டும், நல்ல காற்று வர கீழே ஒன்று, கெட்ட காற்று போக மேலே ஒன்று என்றான். குளியலறை வீட்டின் பின்புறம் கொல்லைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் சமையலறை, ஒரு பக்கம் பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாளின் சுவர், ஒரு பக்கம் கதவு. கதவில் ஓட்டை போடலாமா என்று கேட்டவனைப் பாக்கியம் பார்த்த பார்வையில், அவன் மேற்குச் சுவரைத் தட்டத் தொடங்கினான். காற்று வருகிற மேற்கு.

முதல் நாள் தலையில் சீயக்காயோடு பாக்கியம் நிற்கையில் கீழ் ஓட்டை வழியே ஒரு காற்று வந்தது. ஹீட்டர் அணைந்தது. மலைத் தண்ணீர் போலச் சில்லென்று கொட்டியதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள், அன்று சாயங்காலமே கீழ் ஓட்டையில் உரச்சாக்கையும் மேல் ஓட்டையில் பழைய தலையணையையும் திணித்துவிட்டாள். இஞ்ஞாசிமுத்து காலையில் பிடுங்குவார். அவள் மாலையில் திணிப்பாள். ஒருநாள் தடுக்க வந்தவரிடம் அவள் கேட்டாள்:

"இம்புட்டுக் காத்து அடிக்கிற ஊருல, காத்து இல்லாம செத்தாள்னு கல்லறையில எழுதுனா எவனாச்சும் நம்புவானா?"

அவர் அந்த வாரமே நம்பத் தொடங்கினார். குளித்துவிட்டு வந்த பாக்கியம் அடுப்படி வாசலில் உட்கார்ந்து, தலை கனக்கிறது, கண்ணுக்குள் பூச்சி பறக்கிறது என்றாள். பிரஷர் என்று அவளே முடிவும் சொல்லிக்கொண்டாள். இஞ்ஞாசிமுத்து தோட்டத்துக்குப் போய் மோட்டார் ரூமுக்குள் நின்று மகளுக்குப் போன் போட்டார். ஓட்டை இரண்டும் அடைத்திருக்கிறதா என்றுதான் ஜெசிந்தா முதலில் கேட்டாள்.

"அடைச்ச ரூமுல கேஸ் எரிஞ்சா விஷக்காத்து சேரும். வாசம் வராதுப்பா. புகை தெரியாது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அம்புட்டுத்தான். எங்க ஆஸ்பத்திரிக்கு அப்பிடி ஒரு சோடியைக் கொண்டாந்தாக. கல்யாணமாயி ஒரு மாசம்."

ஹீட்டரை நிறுத்தச் சொல்லி அவள் அம்மாவிடமும் பேசினாள். பாக்கியம் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லி, போனை வைத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். மூட்டுவலிக்காரிக்குத் தெரிந்த வெந்நீரின் அருமை நர்ஸுக்குத் தெரியாது என்பது அவள் கட்சி. கடைசியில் ஜெசிந்தா அப்பாவிடம் சொன்னது இதுதான்: ஆடி முடிந்து நான் வருகிறவரை, அம்மா குளிக்கும்போது கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். பதில் நின்றால் கதவை உடையுங்கள்.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேல் ஆன இருவருக்கு ஒரு குளியல் நேரம் முழுக்கப் பேச விஷயம் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. முதல் நாள் திராட்சை விலை ஓடியது. இரண்டாம் நாள் சின்னமனூரில் யாருக்குச் சீக்கு என்று ஓடியது. மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் பேச்சு அவளுடைய தம்பியின் பக்கம் போனது. அந்தப் பக்கம் எப்போது போனாலும் முடிகிற மாதிரியே அன்றும் முடிந்தது: பாக்கியம் பேச்சை நிறுத்திவிட்டாள். இஞ்ஞாசிமுத்து கூப்பிட்டார். தட்டினார். பிறகு மூன்று உதையில் தாழ்ப்பாளைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே விழுந்தார். பாக்கியம் துண்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"கோவமா இருக்கேன். தெரியலயா?"

"உசுரோட இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கோவிச்சுக்க வேண்டியதுதான?"

இரும்பில் புதுத் தாழ்ப்பாள் போட்டார்கள். அன்று சாப்பிடும்போது இஞ்ஞாசிமுத்து ஆழ்ந்து யோசித்தார். முறை வைத்து இருவரும் பேச வேண்டும். சண்டை வரக் கூடாது. விஷயம் தீரக் கூடாது. அப்படி ஒரு பேச்சு உலகத்தில் உண்டா? உண்டு. செபமாலை. முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறு பாதியை மற்றவர் சொல்ல, மணி மணியாக நகர்ந்துகொண்டே இருக்கும். அதில் பாக்கியத்தின் தம்பி எந்த இடத்திலும் வருவதில்லை. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயில் வாசலைப் பார்க்கிற மனிதர், மறு பாதியைத் தோட்டத்தில் முணுமுணுத்துப் பார்த்தார். பாதிதான் ஞாபகம் இருந்தது. மிச்சத்தைப் போனில் ஜெசிந்தா சொல்லிக் கொடுத்தாள்.

பாக்கியத்துக்கு ஒரு சந்தேகம் இருந்தது. துணியில்லாமல் செபம் சொல்லலாமா? யாருக்கு, எதற்கு என்று சொல்லாமல், தெருவின் வீடுகளெல்லாம் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்துக்குத் தலைவியான மதலேனம்மாளிடம் பொதுவாகக் கேட்டுவைத்தாள். மதலேனம்மாள் யோசிக்கவே இல்லை.

"ஆதாமும் ஏவாளும் ஆண்டவரோட பேசுறப்ப என்ன, பட்டுக் கட்டிக்கிட்டா பேசுனாக?"

இப்படியாக மாலை ஆறு மணிக்குக் குளியல் செபமாலை தொடங்கியது. மாலையின் முதல் பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் குளித்து வெளியே வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. காற்றின் இரைச்சலில் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டுமென்றால் கத்திச் சொன்னால்தான் உண்டு. இஞ்ஞாசிமுத்துவின் குரல் ஆள் கூப்பிட்டுப் பழகிய குரல். மூன்றாம் நாள் பிச்சையம்மாள் சுவருக்கு மேல் தலையை நீட்டி, வீட்டில் யாருக்கும் முடியவில்லையா என்று விசாரித்தாள். மறுநாள் மதலேனம்மாளே வந்துவிட்டாள். கோயிலை எட்டிப் பார்க்காத மனிதர் கொல்லையில் முக்காலி போட்டுச் செபம் கத்துகிறார், மனைவி குளிக்கும்போதுகூட மாதாவை மறக்கவில்லை என்றால், அது ஏதோ பெரிய வேண்டுதல் நேர்ச்சையாகத்தான் இருக்க வேண்டும். வரும்போது நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அடுத்த நாள் பாய்கள் வந்தன, மதலேனம்மாளுக்கு மட்டும் ஒரு நாற்காலி வந்தது. பிச்சையம்மாளும் தன் பங்குக்கு ஒரு ஊதுபத்தி கொளுத்தி வைத்தாள். காற்று அதை உடனே அணைத்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இஞ்ஞாசிமுத்து துடித்தார். பச்சைத் தண்ணீருக்குப் பயந்து ஓட்டையை அடைத்த கதையைத் தெருவுக்குச் சொன்னால் முகத்திலேயே முழிக்கமாட்டேன் என்று பாக்கியம் வாயைக் கட்டிவிட்டாள். அதைவிட மோசமான ஒன்று அவளுக்குள் நடந்துகொண்டிருந்தது. பத்துப் பதினைந்து பெண்கள் வெளியே உட்கார்ந்து மறு பாதி சொல்லும்போது, பத்து மணிகளோடு முடிப்பது அவளுக்கு மரியாதையாகப் படவில்லை. இருபது ஆனது, முப்பது ஆனது. ஒரு வாரத்தில் ஐம்பது மணியும் சேர்ந்த முழுச் செபமாலையே ஆனது. அவளைக் காப்பாற்ற வைத்த செபமே, அடைத்த அறைக்குள் எரிகிற ஹீட்டரோடு அவளை உட்கார வைத்தது. வந்தவர்களுக்கெல்லாம் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தபடி, செபம் சீக்கிரம் முடிய வேண்டுமென்று இஞ்ஞாசிமுத்து மனதுக்குள் தனியாக ஒரு செபம் சொல்லிக்கொண்டார்.

ஆடி பாதியில் ஒரு வெள்ளிக்கிழமை, மாலையின் மூன்றாவது பத்து மணிகளில், பாக்கியத்தின் குரல் தாழ்ந்தது. வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டின. அடுத்த மணிக்கு முதல் பாதி வந்தது; பாதியிலேயே நின்றது. பெண்கள் காத்திருந்தார்கள். இஞ்ஞாசிமுத்து முக்காலியை விட்டு எழுந்தார்.

மதலேனம்மாள் கண்ணை மூடியபடியே கையை உயர்த்தினாள். "உக்காருங்கண்ணே. தியானத்துல இருக்காக. குறுக்க பேசாதீக."

மற்ற பெண்களும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவர் பாக்கியம் பேரைச் சொல்லிக் கத்தினார். உஷ் என்று பத்துப் பேர் அவரை அடக்கினார்கள். கதவை உதைத்தார். அவரே பார்த்துப் பார்த்து வாங்கிய இரும்புத் தாழ்ப்பாள், அசையவில்லை. அப்போதுதான் அவருக்குச் சுவர் ஞாபகம் வந்தது. மேற்குப் பக்கம் ஓடி, கீழ் ஓட்டைச் சாக்கை இழுத்து எறிந்தார். மேலே முக்காலி எட்டாதென்று, மதலேனம்மாள் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவளோடு சேர்த்து இழுத்துப் பார்த்து, அவள் அலறி எழுந்ததும் அதன்மேல் ஏறி, மேல் ஓட்டைத் தலையணையைப் பிடுங்கினார். இத்தனை நாளும் வெளியே காத்துக்கிடந்த காற்று மொத்தமும் உள்ளே போனது. ஹீட்டர் பொட்டென்று அணைந்த சத்தம் கேட்டது. குழாய் தொடர்ந்து ஓடியது, இப்போது பச்சைத் தண்ணீராக.

தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு உள்ளேயிருந்து, தூக்கத்திலிருந்து வருகிற குரலில்:

"எவ அவ... சாக்கைப் பிடுங்குனது?"

இஞ்ஞாசிமுத்து நாற்காலியிலிருந்து இறங்கவில்லை, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நின்றுபோன மணிக்கு மறு பாதியை அவர் ஒருவர் மட்டும் சொன்னார்.

பாக்கியம் தவழ்ந்து வந்து தாழ்ப்பாளைத் திறந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி முழுக்க மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். காற்றாலை சுற்றுகிற மலையடிவாரத்தில் இருந்து காற்று இல்லாமல் ஒருத்தி வந்திருப்பதை டாக்டர் இரண்டு முறை கேட்டுத்தான் எழுதிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கஷ்டம் என்று அவர் சொன்னபோது, பாக்கியம் முதல் முறையாகக் கணவனின் முகத்தை நேராகப் பார்த்தாள். பதிலுக்கு அவர் தலையணையைப் பற்றி எதுவும் பேசவில்லை. அவளுடைய தம்பியைப் பற்றியும் பேசவில்லை.

உண்மை தெருவுக்குத் தெரிந்தாகிவிட்டது. பெண்கள் கோபித்துக்கொண்டு பாயைச் சுருட்டுவார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். மதலேனம்மாள் வேறு மாதிரிப் பார்த்தாள். நாங்கள் வந்து உட்கார்ந்திராவிட்டால் நாற்காலி ஏது, மேல் ஓட்டை எட்டியிருக்குமா என்று கேட்டாள். ஆகவே ஆறு மணிச் செபம் தொடரும் என்று ஆனது. தொடர்வதென்றால் இந்தக் காற்றில் பாயில் உட்கார முடியாது. கொல்லையின் மேற்கு ஓரத்தில் தகரம் வைத்து அடைத்துவிடலாம் என்றாள். தகரத்தை அவர்களே கொண்டுவந்தார்கள். ஒரே நாளில் ஆளுயரத்துக்கு மேல் தகரச் சுவர் எழுந்தது.

பாண்டீஸ்வரனை மறுபடி கூப்பிட்டார்கள். அவன் ஹீட்டரைக் கழற்றி, தான் முதலில் சொன்ன இடத்தில், வெளிச்சுவரில் மாட்டினான். குழாய் மட்டும் உள்ளே போனது. இரண்டு ஓட்டைக்கும் கம்பிவலை வைத்து விளிம்பில் சிமெண்ட் பூசினான், இனி யாரும் எதையும் திணிக்க முடியாதபடி. தகரத்தின் மறைவில் காற்று அடங்கி, ஹீட்டர் அசையாமல் நீலமாக எரிந்தது. வெளியே மாட்டினால் திருட்டுப் போகாதா என்று அவன் சும்மா கேட்டுப் பார்த்தான். இத்தனை பேர் இங்கன உட்கார்ந்திருக்கும்போது எவன் வருவான் என்றாள் பாக்கியம்.

வெந்நீரும் கிடைத்தது, காற்றும் கிடைத்தது. ஆனால் நாலாம் நாள் செபத்தின் நடுவே பெண்கள் முந்தானையால் விசிறிக்கொள்ள ஆரம்பித்தார்கள். தகரம் பகலெல்லாம் வாங்கிய வெயிலை மாலையில் அவர்கள் மேல் திருப்பிக் கொட்டியது. உள்ளே ஒரு இலை அசையவில்லை. புழுங்குகிறது, காற்றே இல்லை, தகரத்தில் ரெண்டு ஓட்டை போட்டால் என்ன என்று பிச்சையம்மாள் கேட்டாள்.

"ஓட்டைங்கிற பேச்சே இனி இந்தக் கொல்லையில கூடாது," என்றார் இஞ்ஞாசிமுத்து.

மறுநாள் தேனிக்குப் போய் ஸ்டாண்டு ஃபேன் ஒன்று வாங்கி வந்தார். தகரத்துக்கு அந்தப் பக்கம் காற்று தென்னையை வளைத்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம், ஒயர் இழுத்து, ஃபேன் சுற்றியது. ஆறு மணிக்குப் பாக்கியம் உள்ளே போனாள். காற்று ஹீட்டர் மேல் படாமல் ஃபேனை எந்தப் பக்கம் வைப்பது என்று அவர் சுண்ணாம்பில் தரையில் கோடு போட்டிருந்தார்.

இரண்டாவது பத்தில், தனக்குக் காற்று வரவில்லையென்று மதலேனம்மாள் ஃபேனைக் கொஞ்சம் திருப்பினாள். சுவரில் நீலமாக எரிந்துகொண்டிருந்த ஹீட்டர் ஒரு துள்ளலில் அணைந்தது.

"எவ அந்த ஃபேனைத் திருப்புனது?"

குரல் இரண்டு ஓட்டை வழியாகவும் வந்தது. கணீரென்று, ஒரு எழுத்துக்கூட ஒட்டாமல். மதலேனம்மாள் அவசரமாக ஃபேனைப் பழைய கோட்டுக்குத் தள்ளினாள். இஞ்ஞாசிமுத்து எழுந்து போய் ஹீட்டர் எரிகிறதா என்று பார்க்கக்கூட இல்லை. முக்காலியில் நன்றாகக் காலை நீட்டிக்கொண்டு, ஊரே கேட்கிற மாதிரி மறு பாதியைத் தொடங்கினார்.