ஞாயிற்றுக்கிழமைக் கறி

"ஒரு வாய் சாப்பிடுங்கப்பா. ஒரே ஒரு வாய்" என்று தங்கை தட்டை நீட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். கை கடுத்ததும் தட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பியதிலிருந்து தண்ணீரைத் தவிர எதையும் அவர் வாயில் வைக்கவில்லை.

அண்ணன்காரன் கதவோரம் நின்றிருந்தான். எலக்ட்ரீஷியன். ஊரில் யார் வீட்டு விளக்கு அணைந்தாலும் ஓடிப்போய் எரியவைத்துவிட்டு வருகிறவனுக்கு, சொந்த வீட்டில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

"சர்க்கரை மாத்திரையை வெறும் வயித்துல போட முடியாதுண்ணா, போடாமலும் விட முடியாது. இன்னைக்கும் சாப்பிடலன்னா ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டு ஓடணும்" என்றாள் தங்கை. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், தெரிந்துதான் சொன்னாள். அப்பா காதில் விழட்டும் என்றும்தான் சொன்னாள். விழுந்தது. அவர் அசைந்துகொடுக்கவில்லை.

தட்டில் சோறும் ஆட்டுக்கறியும் இருந்தன. துக்க வீட்டில் கறியா என்று யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று காலையிலேயே கடைக்கு ஓடி, இளங்கறியாகப் பார்த்து வாங்கி, அப்பாவின் பல்செட்டுக்குத் தோதாகக் குழைய வேகவைத்திருந்தாள். அவருக்குக் கறி என்றால் உயிர் என்பது தெருவுக்கே தெரிந்த சங்கதி.

கடைசியில் மகளின் முகத்துக்காக ஒரு வாய் வாங்கிக்கொண்டார். மென்றார், மென்றுகொண்டே இருந்தார். ஒருவழியாக விழுங்கிவிட்டு, தப்பு செய்துவிட்டவர் போலச் சொன்னார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா உங்கம்மா வைக்கிற கறி வேற."

தங்கை தட்டை அப்படியே வைத்துவிட்டு முகம் கழுவுகிற சாக்கில் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அண்ணனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அம்மா வைக்கிற கறியில் கறியே கிடையாது. அது இந்த வீட்டில் அம்மாவுக்கும் அவனுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். இன்றைக்கு அவனுக்கு மட்டும்.

அப்பா இரும்பு வார்க்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறையை இழுத்து மூடிய காலத்தில் கிடைத்த கூலிக்குப் போய் வந்தார். வாரம் பூராவும் பருப்பும் கீரையுமாக ஓடினாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு மணக்கும். மசாலா வாசனை வாசலைத் தாண்டி எதிர்வீட்டு டைலர் வரைக்கும் போகும். பிள்ளைகள் இரண்டு பேரும் தட்டை வழித்து வழித்துச் சாப்பிடுவார்கள். சாப்பிட்டு முடித்து அப்பா வாசற்படியில் போய் உட்கார்ந்து, தீக்குச்சியை நறுக்கிக்கொண்டு சாவகாசமாகப் பல் குத்துவார். "என்னய்யா, இன்னைக்குக் கறியா?" என்று டைலர் கேட்பார். "ஆமாய்யா" என்பார் அப்பா. படிக்குப் பக்கத்திலேயே சமையலறைச் சன்னல். பாத்திரம் கழுவுகிற சாக்கில் அங்கே நின்று அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பள்ளிக்கூடத்துக் கூட்டாளி ஒருவன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த அன்றுதான் அண்ணனுக்கு விஷயம் தெரிந்தது. "அவங்க வீட்டுக் கறி நல்லாவே இல்லம்மா. நாரு நாரா இருக்கு. நம்ம வீட்டுக் கறி மாதிரி வருமா?" என்று மெத்தப் படித்தவன் மாதிரி சொன்னான். அம்மா சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு அவனை அடுப்படிக்குள் இழுத்துப்போய், ஊறிக்கொண்டிருந்த பருப்பைக் காட்டினாள்.

"அப்பா காதுல மட்டும் போட்டுடாதடா. வாரம் பூரா கூலிக்குப் போய் வெயில்ல வேகுற மனுஷன். ஞாயித்துக்கெழமையாவது கறி தின்னோம்னு நிம்மதியா இருக்கட்டும்."

அவன் போடவில்லை. பட்டறையைத் திறந்து அப்பாவுக்குப் பழையபடி வேலை கிடைத்த பிறகு, பேருக்கு நாலு துண்டு நிஜக்கறியும் குழம்பில் விழ ஆரம்பித்தது. அதனால் தங்கைக்குக் கடைசிவரை சந்தேகமே வரவில்லை.

இன்றைக்கு அவன் சத்தமில்லாமல் அடுப்படிக்குள் போனான். பருப்பை ஊறவைத்தான். ஊறியதும் மிளகும் சோம்பும் பூண்டும் சேர்த்து மிக்ஸியில் ஓட்டி, தட்டில் பரப்பி ஆவியில் வேகவைத்தான். வெந்ததைக் கத்தியால் வெட்டப் போனவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். 'வெட்டினா பலகாரம்டா, பிச்சாத்தான் கறி' என்பாள் அம்மா. ஒன்று சின்னதும் ஒன்று பெரியதுமாகக் கையால் பிய்த்துப் போட்டான். இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் துண்டுகளைப் போட்டுப் புரட்டினான். ஒன்றுகூட நிற்கவில்லை. எல்லாம் உதிர்ந்து பொடிமாஸ் ஆனது.

அம்மாவின் அடுப்பு, அம்மாவின் சட்டி, அம்மாவின் கரண்டி. எல்லாம் இருந்தும் கை மட்டும் அம்மாவுடையதாக இல்லை. வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்றே தெரியவிடாமல் எங்களை வயிறு நிறைய வளர்த்துவிட்டாளே என்று நினைத்தபோது அவனுக்கு நெஞ்சு நிறைந்து, கண்ணும் நிறைந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டான். மிளகு வாடையும் சேர்ந்துகொண்டதில் இன்னும் எரிந்தது.

"மிக்ஸியில போட்டு மையா அரைச்சிட்டியா?"

திரும்பினான். அடுப்படி வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார்.

"கொரகொரன்னு இருக்கணும்டா. பாதிப் பருப்பு முழுசாவே கிடக்கணும். இன்னும் ஊறின பருப்பு இருக்கா?"

"இருக்குப்பா" என்றான். மிச்சப் பருப்பு ஊறிக்கொண்டிருந்த பாத்திரத்தை முன்னால் இழுத்தான்.

மறுபடியும் அரைத்து, மறுபடியும் வேகவைத்துப் பிய்த்துப் போட்டான். பக்கத்து அடுப்பில் குழம்புக்கு வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. முன்போலவே கரண்டி சட்டிக்குள் போனது. "கைய வச்சிக்கிட்டு சும்மா இருடா" என்றார் அப்பா. "பொரட்டாத. அடி கருகுற மாதிரி ஒரு வாசனை வரும். வந்ததும் தானாவே சட்டிய விடும். அப்புறம் திருப்பு. வெங்காயத்தையும் இப்படி வெள்ளையா விட்டுடாத, நல்லா செவக்கணும்."

வாசனை வந்தது. துண்டுகள் தாமாகவே சட்டியை விட்டன. சிவந்த வெங்காயத்தில் மசாலாவைக் கரைத்து ஊற்றிக் குழம்பு கூட்டினான்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"பட்டறை மூடிக் கிடந்தப்போ கறி எங்கேருந்துடா வரும்? நான் கொண்டுவந்து குடுக்கிறது எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா? படியில உக்காந்திருக்கிறப்போ அவ செய்றதையும் சன்னல் வழியாப் பாத்திருக்கேன்."

"அம்மாகிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லலியே?"

"என்னத்தச் சொல்ல." அப்பா சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னை ஏமாத்திட்டேன்னு அவளுக்கு ஒரு சந்தோஷம். சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பா. அதைப் போய்க் கெடுப்பாங்களா?"

அவ்வளவு நேரமும் கொல்லையில் உட்கார்ந்து அழுது ஓய்ந்து, முகம் கழுவி வந்த தங்கைக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்பா அடுப்படித் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, துண்டை எடுத்து மென்று, நிதானமாக விழுங்கினார்.

"இன்னும் கொஞ்சம் போடு" என்று தட்டை நீட்டினார்.

"என்ன மாயம்ணா பண்ணின? நான் வச்ச கறிய ஒரு வாய்க்கு மேல தொடல!"

"உக்காரு, உனக்கும் போடுறேன். தின்னு பாத்துட்டுச் சொல்லு" என்றான் அண்ணன். இனி இவளிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. அவள் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள். மென்றுகொண்டிருக்கும்போதே அவள் கண் ஊறவைத்த பருப்புப் பாத்திரத்தின் மேல் போய் விழுந்தது. மெல்லுவது நின்றது. அண்ணனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டாள்.

அப்பா மாத்திரையைப் போட்டுக்கொண்டார். எப்போதும்போல் பல்செட்டைக் கழற்றிக் கழுவி, டம்ளர் தண்ணீரில் போட்டார். பிறகு அடுப்படி மேடையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியை உருவிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அவன் சட்டியைக் கழுவப் போட்டான். சன்னல் வழியாகப் பார்த்தால் வாசற்படி தெரிந்தது. எதிர்வீட்டில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது. கொஞ்சம் தயங்கித்தான் டைலரின் குரல் வந்தது.

"என்னய்யா, இன்னைக்குக் கறியா?"

"ஆமாய்யா."

பல்லில்லாத வாய்க்குள் குச்சியை விட்டு, அப்பா சாவகாசமாகக் குத்திக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சன்னல் பக்கம் தலையைத் திருப்பினார்.

மகன் குழாயை மூடிவிட்டு, சன்னலில் அம்மா நிற்கிற இடத்தை விட்டுச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டான்.