குங்குமம் வைத்த துவக்கு

என் அக்காவின் புருசன் கிருபனிடம் பதினொரு துவக்குகள் இருக்கின்றன. எல்லாம் பழைய இராணுவங்கள் இனித் தேவையில்லை என்று கழித்துவிட்ட துப்பாக்கிகள். ரஷ்யா, இங்கிலாந்து, செக் என்று யுத்தத்தில் அடிபட்ட நாடுகளும், அடிபடாமல் தப்பிய சுவிசும், ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் அவருடைய பேஸ்மன்றில் கண்ணாடி அலுமாரிக்குள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றிலாவது அவர் ஒரு வெடி வைத்தது கிடையாது. சத்தம் காதுக்குக் கூடாதாம்.

வீட்டுக்கு ஆட்கள் வந்தால் பச்சைப் புள்ளி போட்ட ஆமிக் காற்சட்டையோடு கீழே இறங்குவார். அதே காற்சட்டையோடுதான் கார் கழுவுவார். ரஷ்யத் துவக்கைத் தூக்கித் தோளில் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, “கையில எடுத்தவுடன பழைய ஞாபகம் எல்லாம் வருது” என்பார். என்ன ஞாபகம்? ஊரில் முதல் ஷெல் விழ முதலே ஜேர்மனிக்குப் போய் ஒரு பீட்சாக் கடையில் மா குழைத்தவர். ஓடிப் போனதில் பிழையில்லை. நாங்கள் எல்லாரும் ஓடி வந்தவர்கள்தான். ஆனால் மா குழைத்த ஞாபகத்துக்கு ரஷ்யத் துவக்கு எதற்கு?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பொறுக்காதது வார்னிஷ். வாங்கிய ஒவ்வொரு துவக்கையும் கராஜில் கிடத்தி, மரத்தைச் சான்ட் பேப்பரால் உரஞ்சி, மினுமினுக்க வார்னிஷ் அடித்துத்தான் அலுமாரியில் ஏற்றுவார். பழைய துவக்கு சேர்க்கிறவர்கள் யாரும் மரத்தில் கை வைக்க மாட்டார்கள். எண்பது வருசக் கை அழுக்கும் வியர்வையும் ஊறிக் கறுத்த மரம் அது. கொஞ்சம் ஆளிவிதை எண்ணெய் பூசலாம், அவ்வளவுதான். உரஞ்சினால் அந்தத் துவக்கு செத்தது. பதினொரு பிணங்களை அடுக்கி வைத்துக்கொண்டு அந்த மனுசன் தன்னைக் ‘கலெக்டர்’ என்று சொல்லிக்கொள்கிறார்.

நான் ரதி. மோர்னிங்சைட் பக்கம் பஸ் ஓட்டுகிறேன். என்னிடம் இருந்தது ஒரே ஒரு துவக்கு. யுத்தகாலத்தில் இந்த ரொறன்ரோவுக்கு மேற்கே, ஏரிக்கரையில், லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில் செய்த லீ என்பீல்ட். கறுத்து, கீறல் விழுந்து, பார்க்க ஒரு பவிசும் இல்லாதது. ஆனால் இருநூறு யார் தூரத்துக்கு அங்கால் இருக்கிற தகரத்தட்டை ‘டங்’ என்று பாட வைக்கும். லீவு ஞாயிறுகளில் ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கே இருக்கிற கிளப்புக்குப் போய்ச் சுடுவேன். ஒரு கிழமை முழுக்கப் பஸ்சில் சனத்திடம் வாங்குகிற பேச்சுக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

அந்தத் துவக்கை எனக்குத் தந்தது டொரத்தி. கிளப்பில் எனக்குப் பக்கத்து மேசையில் சுடுகிறவள், எண்பதைத் தாண்டிய வெள்ளைக்காரி. அவளுடைய தாய் ஈடித் யுத்த நேரம் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவள். யுத்தம் முடிந்து அரசாங்கம் மிஞ்சிய துவக்குகளைக் கழித்து விற்றபோது தானும் ஒன்றை வாங்கினாள். மற்றவர்கள் மான் வேட்டைக்கு வசதி என்று மரத்தை அரிந்து குறுக்க, ஈடித் ஒரு நூல்கூட வெட்டவில்லை. கன்னம் படுகிற இடத்தில் கத்தி முனையால் தன்னுடைய இரண்டு எழுத்தை மட்டும் கீறினாள். ஈ, எம். சுடும்போது அந்த எழுத்துகள் கன்னத்தில் இலேசாக உரசும். எனக்கு அது பிடிக்கும்.

டொரத்திக்குக் கை நடுங்கத் தொடங்கியதும் துவக்கை என்னிடம் தந்தாள். இரண்டே நிபந்தனை. எதையும் மாற்றக் கூடாது. வருசா வருசம் இலையுதிர்காலத்தில் கிளப்பில் பழைய துவக்கு நாள் நடக்கும், அன்றைக்கு அவள் வந்து அதில் ஒரே ஒரு வெடி வைக்க வேண்டும், தாயின் பெயரால். நான் தலையை ஆட்டினேன். பிறகு இருவரும் தேத்தண்ணி குடித்தபடி உலகத்தில் உள்ள முட்டாள்களைப் பற்றிக் கதைத்தோம். கிருபன் அத்தானின் வார்னிஷ் கதையைச் சொன்னபோது டொரத்தி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும், “உன்னுடைய வார்னிஷ்காரர் எப்படி இருக்கிறார்?” என்று கேட்பாள். நானும் சளைக்காமல் புதுக்கதை சொல்வேன்.

இந்த நவராத்திரிக்கு அக்கா போன் எடுத்தாள்.

“ரதி, ஆயுத பூசைக்கு இந்த முறை அத்தான்ர துவக்கு எல்லாத்தையும் கும்பத்துக்கு முன்னால வைச்சுப் படைக்கப் போறம். நிறையச் சனம் வருது. பதினொண்டு ஒற்றைப்படையாக் கிடக்கு, உன்ரையையும் கொண்டந்து தாவன், பன்னிரண்டாப் போகும்.”

“பூசைக்கு ஒற்றைப்படைதான் நல்லது.”

“நீ உப்பிடித்தான். ஒண்டு கேட்டா ஒன்பது கதை!”

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரம் என் மனசில் ஓடியது வேறு. சனம் வரும். துவக்கைப் பற்றித் தெரிந்த ஒருவராவது வருவார். மினுங்குகிற பதினொன்றுக்கு நடுவில் என்னுடையதைக் காட்டி, “கிருபன், இது ஒண்டுதான் அசல்” என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லுவார். அத்தானின் முகம் போகிற போக்கை நினைத்தே எனக்குச் சந்தோசமாக இருந்தது. அவருக்கு லைசன்ஸ் உண்டு, அலுமாரிக்குப் பூட்டு உண்டு, சட்டப்படி ஒரு குறையும் இல்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். படைக்கிற அன்றைக்கு எனக்கு வேலை, போக முடியவில்லை.

இரண்டு கிழமை கழித்து, பழைய துவக்கு நாளுக்கு முதல் நாள், அத்தானே பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. பெட்டியைத் திறக்க முதலே மணம் வந்துவிட்டது.

உள்ளே அது சவப்பெட்டி மாதிரிப் பளபளத்துக்கொண்டு கிடந்தது.

“என்ன அத்தான் செய்தனீங்கள்?”

“பாத்தியே? புதுசு மாதிரி! பூசையில ஐயர் எல்லாத்துக்கும் சந்தனம், குங்குமம் வைச்சவர். என்ரையள் வார்னிஷ் அடிச்சது, துடைக்கப் போயிட்டுது. உன்ரை வெறும் மரம், குங்குமம் ஊறிச் சிவப்பாப் போச்சு. உப்பிடியே தந்தா நீ பேசுவாய் எண்டிட்டு நல்லா உரஞ்சி, மூண்டு கோட் அடிச்சனான். வீட்டுப் பின்பக்க டெக்குக்கு வாங்கினதில மிச்சம் கிடந்தது.”

“இதில ரெண்டு எழுத்து இருந்தது.”

“ஓமோம், ஆரோ விசரன் கத்தியால கீறி வைச்சிருக்கிறான். அதை எடுக்கத்தான் சரியான பாடு. இப்ப தடவிப் பார், ஒரு அடையாளமும் இல்லை.”

தடவிப் பார்த்தேன். ஒரு அடையாளமும் இல்லை.

பிறகு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பீட்சா மாவில் தொடங்கி ஆமிக் காற்சட்டை வரைக்கும் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. அவர் பாதி விளங்காமல், “குங்குமத்தோட தந்திருந்தாலும் பேசியிருப்பாய்” என்று முணுமுணுத்தார். அது உண்மை. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. போகும்போது, “நாளைக்கு நானும் கிளப்புக்கு வாறன், நீ சுடேக்க வீடியோ எடுப்பம்” என்றார். இந்த மனுசனை என்ன செய்வது?

அடுத்த நாள் எனக்கு முதலே வந்து நின்றார். ஆமிக் காற்சட்டை, மூன்று கால் ஸ்ராண்டில் போன், மேசையில் சுவிஸ் துவக்கு. சுற்றி நின்ற கிளப்காரரிடம் தன் கலெக்ஷனைப் பற்றி வாய் ஓயாமல் அளந்துகொண்டிருந்தார். எனக்குள் இரவு முழுக்கப் புழுங்கியது ஒன்று, அந்த வாயைப் பார்த்ததும் வழி கண்டுபிடித்தது.

“அத்தான், நீங்கள் ஒரு வெடி வையுங்கோ. எல்லாரும் பாக்கட்டும்.”

வெளிறிப் போனார். ஆனால் போனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது, விலக முடியவில்லை. நானே அவருக்குச் சுவிஸ் துவக்கை லோட் பண்ணிக் கொடுத்தேன். போட்டது வெறும் பொய்த் தோட்டா. மருந்தில்லாத அலுமினியத் துண்டு, பழக்குகிறவர்கள் பாவிக்கிறது. துவக்கு உதைக்கும் என்று பயந்து பதறுகிறவனை அது அந்த இடத்திலேயே காட்டிக் கொடுத்துவிடும். துவக்கு அசையாது, ஆள் மட்டும் துள்ளுவான்.

கிருபன் அத்தான் குறி வைத்தார். இரண்டு கண்ணையும் இறுக்கி மூடினார். விசையை இழுத்தார். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். மனுசன் தோளைக் குலுக்கி, தலையைப் பின்னுக்கு எறிந்து, “ஐயோ!” என்று கத்தியே விட்டார். கிளப்பே சிரித்தது. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். வயிறு குளிர்ந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன்.

சிரித்துத் திரும்பினால் டொரத்தி நிற்கிறாள். எப்போது வந்தாளோ தெரியாது. அவள் சிரிக்கவில்லை.

“என் அம்மாவின் துவக்கு எங்கே?” என்றாள்.

பெட்டியைத் திறந்தேன். சொல்வதற்கு வழி முழுக்க வசனம் தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன். தொடங்க முதலே டொரத்தி மினுங்குகிற மரத்தைப் பார்த்துவிட்டாள். கையில் எடுத்தாள். ஒரு தோட்டாவைப் போட்டு மூடினாள். மேசையில் முழங்கையை ஊன்றி, கன்னத்தை மரத்தில் வைத்தாள். கன்னத்தை முன்னுக்கு ஒருதரம் நகர்த்தினாள், பின்னுக்கு ஒருதரம் நகர்த்தினாள். அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

வெடி வைக்கவில்லை. தோட்டாவை வெளியே எடுத்து மேசையில் வைத்தாள்.

“யார் செய்தது?”

அத்தானைக் கை நீட்டிக் காட்டத்தான் நினைத்தேன். அதற்குள் அத்தானே முன்னுக்கு வந்தார். பட்ட அவமானத்தை அதற்குள் மறந்துவிட்டார். “நான்தான்! மூன்று கோட்! நல்லாய் இருக்கிறதா?” என்று தன்னுடைய ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னார்.

டொரத்தி அவரை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தாள். காற்சட்டையைப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

“இவர்தானா நீ சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற வார்னிஷ்காரர்?”

“ஓம்” என்றேன், தமிழில்.

“அப்படியென்றால் அவர் என்ன செய்வார் என்று உனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. என்னைப் பார்த்த அந்தப் பார்வை எனக்கு நல்ல பழக்கமானது. வருசக்கணக்காக அத்தானின் பேஸ்மன்றில் நின்று அவரை நான் பார்த்த அதே பார்வை. மற்றவரிடம் இருந்து அது வரும்போது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

டொரத்தி துவக்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். தானே தூக்கினாள். பாரத்தில் ஒரு பக்கம் சாய்ந்தாள். நான் கை கொடுக்கப் போக, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். காரின் பின்பக்கத்தைத் திறந்து பெட்டியை வைத்து மூடினாள். கார் றோட்டில் ஏறிப் போய்விட்டது.

அத்தான் போனை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“என்ன, கொண்டு போயிட்டாவே மனிசி?” என்றார். “விடு ரதி, நீ அழாத. என்னட்டப் பதினொண்டு கிடக்கு. பிடிச்சதை எடு, நான் சும்மா தாறன்.”

மனசாரத்தான் சொன்னார். ஏதாவது நக்கலாகச் சொல்லி அவரை மடக்கலாம் என்று பார்த்தேன், ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. அழுகிறேன் என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.