மிச்சப் பை

குளிர்காலச் சிப்பியில் விஷம் இருக்காது என்பது அந்தக் கரைச் சனத்துக்குப் பாட்டன் பூட்டன் காலத்துக் கணக்கு. இந்த வருஷம் குளிர்காலம் வந்தும் கடல் குளிரவில்லை. தங்களுக்கென்று ஊர்ச்சனமே வைத்துக்கொண்ட பரிசோதனை அறையில் சிப்பியைச் சோதிப்பது அவள் வேலை. முடிவைப் பார்த்ததும் சிவப்புக் கொடியை எடுத்தாள். ஒரு கைப்பிடி தின்றால் மூச்சே நின்றுவிடும்.

நல்லவேளை, கரையில் இன்னும் யாரும் பொறுக்க இறங்கவில்லை. வாசலில் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த மிச்சப் பை ஞாபகம் வந்தது. பரிசோதனைக்கு எடுத்ததில் மீந்த சிப்பி. அறை ஃபிரிட்ஜ் மக்கர் பண்ணியதால் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தாள். வீட்டில் புருஷனுடைய அக்கா மட்டும் இருந்தாள்.

"உன் மிஷின் வர்றதுக்கு முன்னாடி நாங்கல்லாம் செத்தா போயிட்டோம், சிப்பி டாக்டரே?" என்று கேலி பேசிய அண்ணிதான். அவளை வழிக்குக் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போதோ, பரிசோதிக்காததை வாயில் வைக்காதே என்று ஊருக்கே உபதேசம் பண்ணுகிறவளும் அவள்தான்.

வீட்டுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள்.

சமையலறையில் தட்டு நிறைய வெறும் ஓடுகள். அண்ணி உதட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"உதடெல்லாம் மரத்துப்போச்சுடி. மிளகா கூடிப்போச்சோ?"

"அண்ணி... எந்தச் சிப்பி?"

"உன் பைதான். நீ சீட்டு ஒட்டி வச்சிருந்தியே. பரிசோதிச்சதுதானேன்னு எடுத்தேன். நல்லா வேகவச்சுத்தான் தின்னேன்."

வேகவைத்தால் போகிற விஷமில்லை அது. மாற்று மருந்தும் கிடையாது. அது தானாக இறங்கும்வரை மூச்சுவிட மிஷின் வேண்டும். மிஷின் இருக்கும் ஆஸ்பத்திரியோ பக்கத்தில் இல்லை. பாவி, ஃபிரிட்ஜில் வைத்தவள் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று தன்னையே நொந்துகொண்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர் வேனை விரட்டினார். பின்சீட்டில் அண்ணியின் தலை அவள் மடியில் கிடந்தது.

"என் விரலை அழுத்துங்க அண்ணி. இன்னும் நல்லா."

அழுத்தினாள். அடுத்த முறை கேட்டபோது விரல் லேசாக அசைந்தது. அதற்கடுத்த முறை அதுவும் இல்லை. கண்கள் மட்டும் திறந்திருந்தன. அவற்றில் பயம் அப்படியே தெரிந்தது. எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும், உடம்புதான் கேட்காது. இந்த விஷம் அப்படித்தான்.

மார்பு ஏறவில்லை.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்று அலறினாள்.

"பாலம் தாண்டணும்மா!"

அண்ணியை இருக்கையில் மல்லாத்தி, மூக்கைப் பிடித்து, ஒரு காலத்தில் தன்னைக் கேலி பேசிய வாயின்மேல் வாய் வைத்து ஊதினாள். மார்பு எழும்பித் தாழ்ந்தது. "நான் விடமாட்டேன் அண்ணி," என்றாள். மறுபடி குனிந்தாள். பாலம் இன்னும் வரவில்லை.