மேல் தாழ்ப்பாள்

வந்தவர்கள் உட்காருவதற்காக யாரோ அந்த இரண்டு நாற்காலிகளையும் பிரித்துப் போட்டுவிட்டார்கள். மகள் அவற்றை இழுத்து, விமானத்தின் முன்னிருக்கைகள் மாதிரி மறுபடி ஒட்டிப் போட்டாள். இடது பக்கம் விமானி, வலது பக்கம் தேர்வாளர். நாளை மறுநாள் அவள் விமானம் ஓட்டிக் காட்ட வேண்டிய தேர்வு. மூன்று மாதமாக வலது நாற்காலியில் உட்கார்ந்து அவளை வேலை வாங்கிய அம்மாவை இப்போது உள்ளறையில் கிடத்தியிருந்தார்கள்.

அம்மா தையல்காரி. விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் கேள்வி கேட்க ஆரம்பித்தால் உயிரை வாங்குவாள். மகள் குளித்துக்கொண்டிருந்தாலும் கதவைத் தட்டி, "இன்ஜின் நின்னுபோச்சு" என்பாள். என்னென்ன செய்வாள் என்று மகள் உடனே வரிசையாகச் சொல்ல வேண்டும்.

இன்று காலை மகள் பயிற்சிப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததும் ஃபோனிலும் அம்மா அதையேதான் கேட்டாள்.

"இன்ஜின் நின்னுபோச்சுடி."

"காலங்காத்தாலயேவா? சரி. மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாத்துவேன். இறங்க இடம் பார்ப்பேன். ரேடியோல சொல்லுவேன். பெட்ரோலை மூடுவேன். அவ்வளவுதான்."



"கதவு?" என்றாள் அம்மா.

"ஐயோ, ஆமா. தரையைத் தொடுறதுக்கு முன்னாடியே திறந்து வச்சிடணும். இல்லன்னா இடிச்சதும் நெளிஞ்சு சிக்கிக்கும். வெளியிலேர்ந்து யாரும் உள்ள வர முடியாது."

"ம். சரி, வச்சிடு."

அரை மணி நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டுவிட்டாள். மாரடைப்பு.

அம்மா கேட்டது பரீட்சையா, நிஜமா? காலையிலிருந்து இது ஒன்றுதான் மகளைக் குடைந்துகொண்டிருந்தது. நிஜமென்றால், அம்மாவின் கடைசி நிமிஷங்களில் அவள் பாடம் ஒப்பித்திருக்கிறாள்.

"அக்கா, நீங்க எப்படி உள்ள வந்தீங்க?"

"தைக்கக் குடுத்த துணியை வாங்க வந்தேன். கதவு லேசா திறந்திருந்துச்சு. அதான் எனக்கும் புரியல. உங்கம்மா நீ கிளம்பினதுமே ரெண்டு தாழ்ப்பாளையும் போட்டுக்கற மனுஷியாச்சே."

மகள் வாசலுக்குப் போனாள். மேல் தாழ்ப்பாள் அம்மாவுக்கு எட்டாது. ஸ்டூல் போட்டு ஏறித்தான் திறப்பாள். இறங்கியதும் முதல் வேலையாக அதைத் தையல் மெஷினுக்கு முன்னால் கொண்டுபோய்ப் போட்டுவிடுவாள். வேறெதில் உட்கார்ந்தாலும் அவளுக்குத் தைக்க வராது.

ஸ்டூல் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.