எண்ணூர் வரிக்குச் சாம்பல் நிறம்

ராயபுரத்துப் படகுச் சங்கத்துக்காக மாயா செய்த வலைப்பக்கம் அன்றுதான் முதன்முதலாகத் திறந்திருந்தது. கரையோர ஊர்களின் காற்று வேகம் எக்ஸ்எம்எல் ஃபைலாக வந்து சேரும். அவள் எழுதிய எக்ஸ்எஸ்எல் நிரல் அதை அட்டவணையாக்கும். வேகம் மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டினால் அந்த ஊரின் வரி சிவப்பு, மற்றபடி பச்சை.

"நம்மூரு எண்ணூரு பச்சை கீது பாரு," என்றான் அண்ணன் வெற்றி, நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி. "நான் கெளம்பறேன். தாமு படகாண்ட காத்துகினு கீறான்."

"இருண்ணா."

"இன்னாத்துக்கு? உன் பொட்டிதானே சொல்லுது?"

வெளியே ஆடிக்காற்றில் சங்கத்துக் கொடி படபடத்துக்கொண்டிருந்தது. காசிமேடு சிவப்பு, திருவொற்றியூர் சிவப்பு. அடுத்திருக்கும் எண்ணூரில் மட்டும் காற்று எப்படி அடங்கியிருக்கும்?

ஃபைலைத் திறந்தாள். எண்ணூருக்கு நேரே எண்ணே இல்லை. அங்குள்ள காற்றளக்கும் கருவி எதையும் அனுப்பவில்லை.

தன் நிரலில் நிறம் சொல்லும் வரிகளைப் பார்த்தாள். இல்லாத எண் நாற்பதைத் தாண்டாது. அதனால் அது 'மற்றபடி'யில் போய் விழுந்திருக்கிறது. கருவி பேசாமல்தான் இருந்தது; அதற்குப் பச்சை பூசியவள் அவள்.

அந்த வரிகளுக்கு முன்னால் இன்னொரு நிபந்தனையைச் சேர்த்தாள்: எண் வரவில்லையென்றால் சாம்பல். பக்கத்தை மறுபடி ஏற்றியதும் எண்ணூர் சாம்பலானது. கூடவே பழவேற்காடும் சாம்பலானது. அங்கிருந்தும் எண் வரவில்லை என்பதை அவள் கவனித்திருக்கவில்லை.

"இன்னாமே இது, கலீஜா? போலாமா, கூடாதா?"

"தெரியாது."

"தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு கலரா? இதுக்குத்தான் கம்ப்யூட்டர் கிளாஸ் போனியா?"

"ஆமா. நீ தாமண்ணனையே கேளு."

வெற்றி சிரித்துக்கொண்டே சங்கத்து ஃபோனில் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்து டீக்கடைக்குப் போட்டான். படகருகே இருந்த தாமுவைக் கூப்பிட்டு விட்டார்கள். அந்தப் பக்கம் பேசப் பேச வெற்றியின் முகத்தில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

"படவ மேல இழுத்துப் போட்டுடு மாமு," என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டு மாயாவிடம் திரும்பினான். "மொவத்துவாரத்துல அலை ஆளு ஒசரத்துக்கு ஏறுதாம்."

பெஞ்சில் உட்கார்ந்தான். வெளியே கொடி இன்னும் படபடத்துக்கொண்டிருந்தது. பிறகு அவன் எழுந்து வந்து, திரையில் இருந்த இன்னொரு சாம்பல் வரியின் மேல் விரலை வைத்தான்.

"பழவேற்காட்டுல யாரு கீறா, கேக்கறதுக்கு?"

மாயா மேசை இழுப்பறையைத் திறந்து ஃபோன் நம்பர் தேடத் தொடங்கினாள்.