அரை ஸ்பூனில் போன வீடு

போன மழைக்காலத்துலேர்ந்து எங்க மாடி காலியா கிடந்துச்சு. காரணம் என் புருஷன்தான். கடைசியா சேர்ந்து குடிவந்த ரெண்டு பேர் ஒரே மாசத்துல சண்டை போட்டு ஆளுக்கொரு பக்கமா போயிட்டாங்க. அதுலேர்ந்து, சேர்ந்து வாடகைக்குக் கேக்குறவங்களுக்கு இவர் பரீட்சை வைக்க ஆரம்பிச்சார். ஒருத்தரை ஹால்ல, இன்னொருத்தரை கிச்சன்ல உக்கார வச்சு ஒரே கேள்வியைக் கேப்பார். பதில் ஒத்துப்போகலன்னா வீடு கிடையாது. எல்லாருக்கும் ஒரே நியாயமாம். பெருமை வேற.

எனக்கு மாடியில யாராவது நடமாடுற சத்தம் கேக்கணும். நாள் முழுக்க இவர் குரலை மட்டுமே கேட்டா மனுஷிக்குப் பைத்தியம் பிடிக்காதா?

அன்னைக்கு ஒரு நர்ஸும், கார் ஓட்டக் கத்துக்குடுக்குற பொண்ணும் வந்தாங்க. ரெண்டு பேரையும் பார்த்ததுமே எனக்குப் பிடிச்சுப்போச்சு. நர்ஸை கிச்சன்ல உக்கார வச்சு, எல்லாருக்கும் டீ போட்டேன்.

ஹால்ல இருந்த கார் பொண்ணுகிட்ட இவர் ஆரம்பிச்சார். "உங்க தோழிக்கு டீயில சர்க்கரை எத்தனை ஸ்பூன்?"

"ஒண்ணு சார்."

உடனே கிச்சனுக்கு வந்து, உங்களுக்கு எத்தனை ஸ்பூன்னு நர்ஸைக் கேட்டார். அவ ஒன்றரைன்னா. அரை ஸ்பூன்ல வீடு போச்சு.

"தப்பா நினைக்காதீங்கம்மா, பதில் ஒத்துப்போகல."

நர்ஸ் கோபப்படல. "புருஷன் பொண்டாட்டி வந்தா இதைக் கேப்பீங்களா சார்?"

"அவங்களுக்கு எதுக்கும்மா? கூடவே வாழ்றவங்களுக்குத் தெரியாதா?"

"அப்ப இந்த அம்மாவுக்கு எத்தனை ஸ்பூன்?"

"ரெண்டு" ன்னார், நெஞ்சை நிமித்திக்கிட்டு.

"அவங்க டீயில சர்க்கரையே போட்டுக்கல சார். இப்பதான் பார்த்தேன்."

டாக்டர் எனக்குச் சர்க்கரையை நிறுத்தச் சொல்லி நாலு வருஷமாச்சு. அன்னைக்குக் கூட்டிட்டுப் போனதே இவர்தான். நான் உள்ள இருந்தப்ப வெளியில நின்னு, குடித்தனக்காரங்களை எப்படித் தேர்ந்தெடுக்கணும்னு யாருக்கோ போன்ல பாடம் நடத்திக்கிட்டிருந்தார். வந்து விஷயத்தைச் சொன்னேன். "ம்" ன்னார். அதை நினைச்சதும் எனக்கு அழுகை முட்டுச்சு, அதைவிட ஆத்திரம்.

மாடிச் சாவியை எடுத்து நர்ஸ் கையில வச்சேன். "வீடு என் பேர்லயும்தான் இருக்கு. நாளைக்கே வந்துடுங்கம்மா."

அவங்க போனப்புறம் இவர் மெதுவா பக்கத்துல வந்து நின்னார்.

"இப்ப என்னென்ன மாத்திரை சாப்பிடுற நீ?"

"மாடியில கேட்டுக்கோங்க" ன்னேன். "குடிவந்த ரெண்டு நாள்ல அவங்களுக்குத் தெரிஞ்சிடும்."